ஒரு இழுப்பு என்றால் சரி

கமலக்கண்ணன் அன்றும் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். ஆறு மணிக்கு மேல் போட்டால் மேல்வீட்டுக்காரரும் போடுவார், இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏறாது. கதவுக் கம்பியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். மரீன் ஆறரைக்கு எழுந்தாள். பல் தேய்த்துக்கொண்டே செய்தித்தாளைத் தரையில் விரித்துப் படித்தாள். மாவு இன்றைக்கு மட்டும்தான் வரும் என்றாள். தோசை ஊற்றினாள். அவனுக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. பிறகு நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டாள். அவன் முப்பது மீட்டர் டேப்பை ஈரத்துணியால் துடைத்துச் சுற்றினான். முந்தின நாள் கடல்காற்று பட்டு உப்புப் படிந்திருந்தது. எட்டேகாலுக்கு வண்டியை வெளியே தள்ளினான். அவள் பின்னால் ஏறி, வரைபலகையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். ரெட்டியார்பாளையத்திலிருந்து பீச் ரோட்டுக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அது 2007, பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு மரீன் ஆஸ்பத்திரி வண்டியொன்றில் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். அவளுக்கு வயது இருபத்தேழு.

இருவருக்கும் ஒரே வேலை. பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டுத் தரும் ஒரு சிறிய அலுவலகம். அந்த வாரம் அவர்களுக்கு வந்திருந்தது பாண்டிச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம். 1836இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிவைத்தது. தெற்கே புதியது வந்தபிறகு இருபத்தெட்டு வருடமாக எரியாமல் நிற்கிறது. மாலையில் பீச் ரோட்டுக்கு வரும் கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். சாவி வைத்திருந்தவர் காவல்காரர் சின்னக்கண்ணு. காலையில் கதவைத் திறந்துவிட்டு, “புறா எச்சம் சார், வழுக்கும், பாத்து ஏறுங்க” என்பார். மூன்று நாளும் அதையே சொன்னார்.

உயரம் அளக்கும்போது மரீன்தான் மேலே போவாள். விளக்குக் கூண்டைச் சுற்றி ஓடும் குறுகலான பால்கனியில் நின்று டேப்பைக் கீழே இறக்குவாள். கமலக்கண்ணன் அடியில் நின்று நுனியைக் குறித்த இடத்தில் அழுத்திப் பிடிப்பான். அவள் எண்ணைப் படித்துக் கத்த வேண்டும். அவன் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். அவன் சொன்னது சரியாக இருந்தால் அவள் டேப்பை ஒரு தரம் இழுப்பாள். தப்பென்றால் இரண்டு தரம். அலைச்சத்தத்திலும் காற்றிலும் குரலை நம்ப முடியாது. செல்போனை எடுத்தால் டேப் பிடிக்கக் கை இல்லை. கல்யாணத்துக்கு முன்பே, ஒரு மாதா கோயில் கோபுரத்தை அளந்தபோது அவர்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் இது. ஒரு இழுப்பு என்றால் சரி. வீட்டிலும் அது தொற்றிக்கொண்டிருந்தது. ராத்திரி சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டால், பதிலாக அவன் சட்டை நுனியை ஒரு தரம் இழுப்பாள்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் எண்ணைக் கத்தினாள். அவன் திருப்பிக் கத்தினான். அதன்பிறகு அவள் கம்பிமேல் குனிந்து இன்னொன்றும் கத்தினாள். அவனுக்கு அது தெளிவாகவே கேட்டது. சிரித்துவிட்டான். ஒரு சொல்லில் பதில் கொடுத்தான். உடனே டேப் ஒரு தரம் இழுபட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருந்தது. அவன் எண்ணை நோட்டில் எழுதி, சரிபார்த்த எண்ணுக்குப் போடுவதுபோல் ஒரு வட்டம் போட்டான்.

அடியில் நின்று அண்ணாந்தால் பால்கனியின் அடிப்பக்கம்தான் தெரியும். அவள் ஜன்னல் விளிம்புகளை வரைந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தான். அதற்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும். சின்னக்கண்ணு சைக்கிள் டீக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“வூட்டுக்காரம்மா மேல, நீங்க கீழ. எப்பவும் இப்பிடித்தானா சார்?”

“எப்பவும் இப்பிடித்தான்.”

“எங்கூட்டுலயும் அப்பிடித்தான். ஆனா எங்கூட்ல ஏணி கெடயாது.”

இருவரும் சிரித்தார்கள். டேப் காற்றில் சுவரை உரசிக்கொண்டு ஆடியது. அவன் டீயை முழுக்கக் குடித்தான். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். பதினெட்டு நிமிடம். பிறகு பல முறை கணக்குப் பார்த்ததில் பதினெட்டுதான் வந்தது. அப்புறம்தான் மேலே ஏறிப் போனான்.

மரீன் பக்கவாட்டில் கிடந்தாள். ஒரு செருப்பு காலில் இல்லை. பென்சில் உருண்டு போய் சுவரோரம் நின்றிருந்தது. டேப்பின் கைப்பிடி அவள் வலது மணிக்கட்டில் மாட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

கமலக்கண்ணன் முதலில் செய்தது, கைப்பிடியை அவள் மணிக்கட்டிலிருந்து கழற்றி டேப்பைச் சுற்றியது. கீழே தொங்கியது முழுவதையும் இழுத்து, முறுக்கு விழாமல், நுனி உள்ளே போகும்வரை சுற்றினான். மூச்சு வாங்க ஏறி வந்த சின்னக்கண்ணு வாசலில் நின்று அலறியபோதுதான் அவனுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

பக்கத்து அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டில் ஒரு ஆளைத் தூக்கி வருவது லேசான வேலை இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம், “தல பாத்து, தல பாத்து” என்று சொல்லிக்கொண்டே இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைவிடச் சின்னவராக இருந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். பிறந்ததிலிருந்தே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கலாம் என்றார். “விழும்போதே முடிஞ்சிருக்கும் சார். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” கமலக்கண்ணன் “சரி” என்றான்.

அப்போதுதான் மரி-க்ளேர் வந்தாள். மரீனின் அம்மா.

எட்டு மாதமாக அவள் மகளோடு பேசவில்லை. அவள் புருஷன் ஷார்ல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. மகன் தியரி பாரீஸில். மகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பாண்டிச்சேரியில் அப்படிப்பட்ட பெண்ணைத் தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கத்து விவசாயி மகன் கட்டினால் ஊர் கேட்கிற முதல் கேள்வி, எப்போ பிரான்சுக்கு என்பதுதான். மரி-க்ளேர் கேள்வி கேட்கவில்லை. முடிவே சொல்லிவிட்டாள். “பாஸ்போர்ட்டக் கட்டிக்கறான் அவன். ஒன்ன இல்ல.” மரீனுக்கு வீம்பு வந்துவிட்டது. ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டதோடு சரி. கல்யாணத்தைக் கன்சுலேட்டில் பதியவே கூடாது என்று சொல்லிவிட்டாள். “பதிஞ்சாதான ஒனக்கு விசா? பதியல. இப்ப எங்கம்மா என்னா சொல்லும் பாப்போம்.” மரி-க்ளேர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி நடையில் அவள் நேராக அவன் எதிரில் வந்து நின்றாள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“கடைசியா என்ன சொன்னா?”

அவன் வாயைத் திறந்தான். அவள் கத்தியது அப்படியே காதில் இருந்தது. இந்த நடையில், இந்த முகத்தைப் பார்த்து, அதைச் சொல்ல முடியாது.

“மாதாவேன்னு சொன்னா” என்றான்.

அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. மரீன் கோயிலுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரி-க்ளேர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். “மோன் தியே, கடவுளே” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனுக்கும் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் அவன் சரி என்றான். பெட்டி, பூ, பாட்டு எல்லாவற்றுக்கும். ஊரிலிருந்து வந்த அவன் அப்பாவும் அம்மாவும் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசல் பக்கமாகவே நின்றார்கள். பூசையில் சாமியார், இளம் வயதிலும் மாதாவின் பெயரை உச்சரித்தபடி போன மகள் என்று சொன்னார். கூட்டத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. கமலக்கண்ணன் தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று அவிழ்ந்திருந்தது.

பத்தாம் நாள் வேலைக்குப் போனான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலாளி வேறு கட்டடம் தருகிறேன் என்றார். அவன் அதையே முடிக்கிறேன் என்றான். நோட்டை விரித்துவைத்துக் கலங்கரை விளக்கத்தைக் கீழிருந்து மேலாக வரைந்துகொண்டே போனான். மூன்றாவது வாரம், வட்டம் போட்ட எண்ணுக்கு வந்தான். பென்சில் நின்றது. அப்போதுதான் அது அவன் மண்டையில் இறங்கியது. அவன் பதில் கத்திய உடனே வந்த அந்த இழுப்பு, வெடுக்கென்று வந்தது, அவள் இழுத்தது இல்லை. அவள் விழுந்தது. விழுந்த கை டேப்பை இழுத்திருக்கிறது. அவன் அதைச் சரி என்று எழுதி, வட்டம் போட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறான்.

அன்று சாயந்தரம் வரை அந்த ஒரு எண்ணுக்கு மேல் அவன் போகவில்லை.

மறுநாள் போன் வந்தது. அன்னக்கிளி, மரி-க்ளேர் வீட்டில் வேலை செய்பவள். “மதாம் ஒங்கள வரச் சொன்னாங்க தம்பி. முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை அடிக்கிறாங்கல்ல, அதப் பாக்கணுமாம்.”

பீச் ரோட்டுக்குப் பின்னாலேயே இருந்த துய்மா வீதியில், அந்த வீட்டுக்குள் அவன் போவது அதுதான் முதல் தடவை. கூடத்தில் ஷார்ல் பட்டாள உடுப்பில் படத்தில் இருந்தார். பதக்கங்களைத் தனியாகக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். மரி-க்ளேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அவளை என்னவென்று கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“உக்காரு. ஸ்பெல்லிங் பாரு. ஒம்பேரு சரியா வந்திருக்கா பாரு. அச்சாபீஸ்காரன் கமலத்துக்குப் பதிலா எதையோ போட்டுவெச்சிருந்தான், நாந்தான் அடிச்சித் திருத்தினேன்.”

“எம்பேரா?”

“புருஷன் பேரு போடாம பொண்ணு பேர மட்டும் எப்பிடிப் போடறது? விதவையா அவ?”

அன்னக்கிளி காப்பியை வைத்துவிட்டு, “நல்லாக் கேட்டீங்க போங்க” என்றாள்.

அட்டையின் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் தமிழ். நடுவில் மரீனின் படம், கல்லூரிக் காலத்தது. படத்துக்குக் கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி. ‘மாதாவே என்றழைத்து ஆண்டவரில் துயில்கொண்டாள்.’

அவன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நடையில் வாயில் வந்த ஒரு பொய். சாமியார் வாய்க்குப் போய், இப்போது அச்சுக்கு வந்துவிட்டது. பாரீஸுக்கும் போகும். பைபிளுக்குள் வைப்பார்கள். மரீன் சொல்லாத ஒன்று, மரீன் சொன்னதாக இருந்துகொண்டே இருக்கும். அவள் சொன்னது அவன் ஒருவன் தலைக்குள்தான் இருக்கிறது. அவனும் போனால் அதுவும் போய்விடும்.

“சரியா இருக்கு” என்றான்.

“முன்னூறு சொல்லியிருக்கேன்.”

“சரி.”

அவன் எழுந்தான். மரி-க்ளேர் எழவில்லை. அன்னக்கிளி போகாமல் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டுடுங்க மதாம். எத்தினி நாளைக்கி இப்பிடி ஒக்காந்துட்டே இருப்பீங்க?”

“நீ உள்ள போ.”

“போறேன். ஆனா கேட்டுடுங்க.”

அவள் போனாள். மரி-க்ளேர் அட்டையைத் திருப்பிப்போட்டாள்.

“அன்னைக்கு நா மாடியில இருந்தேன்” என்றாள்.

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

“அன்னக்கிளிதான் வந்து சொன்னா. பாப்பா பழைய லைட்ஹவுஸ் மேல ஏறி அளந்துகிட்டு இருக்குது மதாம்னு. ரெண்டு நாள் கேக்காத மாதிரி இருந்தேன். மூணாம் நாள் முடியல. ஷார்லோட பைனாகுலர எடுத்துகிட்டு மாடிக்குப் போனேன். எட்டு மாசமாச்சில்ல. மூஞ்சி எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும், அவ்ளோதான். பேசணும்னு எல்லாம் இல்ல.”

“தெரிஞ்சாளா?”

“தெரிஞ்சா. நீலச் சுடிதார். எளச்சிருந்தா. கீழ குனிஞ்சி யாருகிட்டயோ கத்தினா. ஒங்கிட்டதான். அப்புறம் நேரா இந்தப் பக்கம் திரும்பினா. என்னப் பாத்தா. வலது கைய இப்பிடித் தூக்கினா. அவ்ளோதான், காணும்.”

அவள் தூக்கிக் காட்டிய கை மேசைமேல் இறங்க நேரம் எடுத்தது.

“உள்ள போயிட்டான்னு நெனச்சேன். நா நிக்கறதப் பாத்துட்டு, போ நீன்னு கைய வீசிட்டு உள்ள போயிட்டான்னு. கீழ எறங்கி வந்து இவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? திமிரு எறங்கல அவளுக்குன்னு சொன்னேன். அது சொல்லி ஒரு மணி நேரத்துல போன் வருது.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அந்தக் கையை அவன் பார்த்ததில்லை. பால்கனியின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்த பாதியும் இவளுக்குத் தெரிந்த பாதியும் ஒரு மாதமாக இரண்டு வீட்டில் தனித்தனியாக இருந்திருக்கின்றன.

“இதச் சொல்லு” என்றாள் மரி-க்ளேர். “மாதாவேன்னு சொன்னான்னியே. அது எப்போ? என்னப் பாக்கறதுக்கு முன்னயா, பின்னயா?”

பின்னாடி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவைப் பார்த்துக் கோபப்பட்டாள், அப்புறம் மாதாவைக் கூப்பிட்டாள். முன்னூறு அட்டையும் சரியாகிவிடும். இவள் இன்று தூங்குவாள். அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஆஸ்பத்திரி நடையில் இருந்ததுபோலவே.

“அவ மாதாவேன்னு சொல்லல” என்றான்.

மரி-க்ளேர் அவனைப் பார்த்தாள்.

“என்னா?”

“நீங்க கேட்டீங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. வாயில வந்துச்சு. சொல்லிட்டேன்.”

“பொய்யா?”

“ஆமா.”

“சாமியார் பிரசங்கத்துல சொன்னாரே. தியரி அழுதானே போன்ல. அட்டைக்கு முன்பணம் குடுத்து, முன்னூறு...” அவள் குரல் ஏறி ஏறி உடைந்தது. “வெளியில போ. பாஸ்போர்ட்டுக்குக் கட்டினவன்னு சொன்னேன்னுதான இப்பிடிப் பண்ண? செத்தவ மேல பொய்யி சொல்ற!”

“அதுக்காக இல்ல.”

“போடா வெளியில!”

அவன் எழுந்துகொள்ளவில்லை. அன்னக்கிளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். மரி-க்ளேர் அட்டையை எடுத்தாள், கிழிக்கப்போனாள், படத்தைப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு வேறொரு குரலில் கேட்டாள்.

“அப்ப ஒண்ணுமே சொல்லலியா அவ?”

“சொன்னா.”

“ஜெபம் ஏதாவது?”

“இல்ல.”

“ஒன்னப் பத்தியா?”

“உங்களப் பத்தி.”

அவள் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“திட்டினாளா?”

“கொஞ்சம்.”

“கோவமாவா?”

“சிரிச்சிகிட்டே. அவ கேட்டா, நா ‘ஆட்டு’ன்னு கத்தினேன். டேப் இழுபட்டுச்சு. அப்புறம் நீங்க பாத்ததுதான்.”

“எத ஆட்டு? என்ன கேட்டா? அவ சொன்னத அப்பிடியே சொல்லு. நீ ஒண்ணும் சேக்காத. எனக்காக ஒண்ணும் கொறைக்காத.”

கமலக்கண்ணன் சொன்னான்.

“‘கமலு! எங்கம்மா மாடியில நிக்கறா! பேசமாட்டாளாம், கண்ணாடி வெச்சி வேவு பாக்கறா திருட்டுக் கெழவி! கையாட்டட்டுமா?’”